புது உலகில் முதல் மூன்று இராத்திரி

நம் சங்கத்தின் திங்களேட்டில் ஊறுகாய் கெடாமல் வைக்கும் முறையையும், வடநாட்டில் வளரும் பிள்ளைகளுக்குத் தமிழெழுத்துக் கற்பிக்கும் வழியையும், விடுமுறையில் ஊருக்குப் போக ரெயிலில் இடம் பிடிக்கும் உபாயத்தையும் அன்பர்கள் பலர் எழுதியிருக்கின்றனர். நாம் எழுதப் புகுவது கைபேசியில் பிள்ளைகள் கூடி ஆடும் ஒரு விளையாட்டைப் பற்றி. பார்சல் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு இது எதற்கு என்று சிரிப்போர் சிரிக்கட்டும். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் நாம். முப்பத்தாறாம் வயதில், பதினொரு வயது மகனிடம் பாடம் கேட்டுக் கற்ற வித்தை இது. கற்க நேர்ந்ததோ நாம் செய்த ஒரு பிழையினால். அதை மறைத்துவிட்டு யோசனை மட்டும் சொல்லப் போனால், எழுதும் கை கூசும்.

நமக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரத்துக்கு அருகே ஒரு சிற்றூர். உத்தியோகம் கரக்பூரில். முதலில் தனியே இருந்தோம். 2023ஆம் ஆண்டு ஜூன் மாதம் மனைவியையும் மக்களையும் குவார்ட்டர்ஸுக்கு அழைத்து வந்தோம். அதற்கு முந்திய ஆண்டு நம் தாயார் காலமாகிவிட, பங்கு பிரிப்பதற்காக வீட்டை விற்க வேண்டியதாயிற்று. வாங்கியவர் இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார். மூத்தவன் பிறந்து வளர்ந்த வீடு அது. இங்கே வந்த பிறகு பையன் பேச்சே குறைந்து போனான். பள்ளிக்கூடத்தில் இந்தியும் வங்காளமும் ஆங்கிலமும் கலந்து பேச, இவன் ஓரமாக உட்கார்ந்திருப்பதாக ஆசிரியை சொன்னார். வீட்டிலோ எந்நேரமும் நம் கைபேசியில் 'மைன்கிராஃப்ட்'. நாம் கண்டித்தோம். ஆனால் அவன் அதில் என்ன செய்கிறான் என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

2024ஆம் ஆண்டு தீபாவளிக்கு முந்திய வாரம், கைபேசியில் வேறொரு செயலியைப் பதிந்துகொள்ள வேண்டியிருந்தது. இடமில்லை என்று கைபேசி சொல்லிற்று. மைன்கிராஃப்ட் ஏராளமான இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதைக் கண்டோம். விலை கொடுத்து வாங்கியதுதானே, மறுபடி இறக்கிக்கொண்டால் போயிற்று என்று அதை நீக்கினோம். விளையாட்டு மறுபடி வந்தது, பணமும் கேட்கவில்லை. ஆனால் பையன் கட்டியிருந்த உலகம் வரவில்லை. அந்த உலகம் கடையிலோ எங்கோ தொலைவிலுள்ள கணிப்பொறியிலோ இருக்கவில்லை. நம் கைபேசிக்குள், அந்தச் செயலியின் வயிற்றுக்குள்ளேயே இருந்தது. செயலியோடு அதுவும் போயிற்று.

பையன் அழவில்லை. வெறுமையாக இருந்த பட்டியலைச் சிறிது நேரம் பார்த்தான். "பரவாயில்லைப்பா" என்று சொல்லிக் கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான். அன்றிரவு மனைவிதான் சொன்னாள்: "என்னங்க, அது சும்மா விளையாட்டு இல்லை. நாலு மாசமா அவன் ஆச்சி வீட்டைக் கட்டிக்கிட்டிருந்தான். திண்ணை, வானவெளி, கிணறு, மாட்டுத் தொழுவம் எல்லாம் இருந்தது. முடிச்சிட்டு உங்களுக்குக் காட்டணும்னு வச்சிருந்தான்."

இரண்டு நாள் கழித்து அவனருகே போய் உட்கார்ந்தோம். "திரும்பவும் தொடங்குவோம், எனக்கும் சொல்லிக்கொடு" என்றோம். ஏற இறங்கப் பார்த்தான். "உங்களுக்கு வராதுப்பா" என்றான். வந்தவரையில் கீழே எழுதுகிறோம்.

நிற்க. இவ்விளையாட்டு இன்னதென்று அறியாத பெற்றோர்க்குச் சில சொற்கள். ஸ்வீடன் நாட்டு மார்க்கஸ் பெர்சன் என்பவர் ஆக்கியது. ஸ்டாக்ஹோமிலுள்ள மோஜாங் நிறுவனம் 2011ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் முழு வடிவில் வெளியிட்டது. 2014இல் மைக்ரோசாஃப்ட் அந்நிறுவனத்தை விலைக்கு வாங்கியது. 2023இல் 30 கோடிப் பிரதிகளுக்குமேல் விற்றதாக அறிவித்தனர். மண், கல், மரம், நீர் எல்லாம் கன வடிவக் கட்டிகளாக அமைந்த, எல்லை காணாத ஓர் உலகம். அதில் வெறுங்கையோடு இறங்குகிறோம். பிழைத்திருப்பதே ஆட்டம். வேண்டியதைக் கட்டிக்கொள்வது அதற்கு மேற்பட்ட இன்பம்.

தனியாகவும் ஆடலாம்; கூடியும் ஆடலாம். கூடி ஆடுவதென்றால் முன்பின் தெரியாதவரோடு சேர வேண்டும் என்ற அவசியமில்லை. ஒரே வீட்டு வைஃபையில் இருக்கும் கைபேசிகள் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். ஒருவர் தம் உலகத்தைத் திறந்து வைத்தால் மற்றவர் தத்தம் கைபேசியிலிருந்து அதற்குள் நுழையலாம். ஒவ்வொரு கைபேசியிலும் விளையாட்டு இருக்க வேண்டும். திறந்து வைத்தவர் வெளியேறினால் எல்லோருமே வெளியேற நேரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். நம் வீட்டில் நாமும் மகனுமாக இரண்டு கைபேசி. பக்கத்துக் குவார்ட்டர்ஸ் தெலுங்குப் பையன் ஒருவன், மாடிவீட்டு வங்காளிப் பையன் ஒருவன். ஆறு வயது மகள் நம் மடியிலிருந்தபடி கட்டளையிடுபவள். கூடத்துப் பாயில் ஞாயிறு மாலை இந்தச் சபை கூடிற்று.

முதல் பகல் மிகவும் குட்டையானது. அவ்வுலகில் ஒரு நாள் என்பது நம் கடிகாரத்தில் 20 நிமிடம். நல்ல வெளிச்சமுள்ள பகல் அதில் ஏறக்குறைய 10 நிமிடமே. இரவு ஏறக்குறைய 7 நிமிடம். மீதி அந்தியும் வைகறையும். இருட்டியதும் நடைப்பிணங்களும், வில்லேந்திய எலும்புக்கூடுகளும், சிலந்திகளும், 'கிரீப்பர்' என்னும் பச்சை வண்ணப் பிராணியும் கிளம்பும். ஆகையால் இறங்கியவுடன் இயற்கைக் காட்சி காண நிற்கலாகாது. நாம் நின்றோம். மகள் மஞ்சள் பூ வேண்டுமென்றாள்; பறித்துக்கொண்டேயிருந்தோம்.

செய்ய வேண்டியது மரம் வெட்டுவது. கோடரி வேண்டாம், வெறுங்கையால் அடித்தாலே மரத்துண்டு விழும். ஒரு துண்டிலிருந்து நான்கு பலகை. நான்கு பலகை சேர்த்தால் வேலைமேசை. பிள்ளைகள் அதைக் 'கிராஃப்டிங் டேபிள்' என்பர். இரண்டு பலகையிலிருந்து நான்கு குச்சி. மூன்று பலகையும் இரண்டு குச்சியும் சேர்ந்து மரப் பிக்காசு. ஆகவே மூன்று மரத்துண்டு கையிலிருந்தால் ஆயுதம் கிடைத்துவிடும். நால்வரும் நான்கு வேலைமேசை செய்வது வீண்; ஒன்று போதும். நம்மைப் போலக் கணக்கு எழுதிப் பழகியவர்க்கு இந்தப் பகுதி தேன். யார் எவ்வளவு மரம் கொண்டுவந்தார், எதற்குச் செலவாயிற்று என்று வாய்க்கணக்காகச் சொல்லத் தொடங்கினோம். பையன்கள் முதலில் சிரித்தனர், பிறகு, "காக்கு, எத்தனை பலகை மிச்சம்?" என்று நம்மையே கேட்கலாயினர்.

மரப் பிக்காசினால் கல்லை உடைத்து, உடனே கற்பிக்காசு செய்துகொள்ள வேண்டும். மரப் பிக்காசோடு நெடுநேரம் காலந்தள்ளுவது புதியவர் செய்யும் தவறு. எட்டுக் கல் சேர்ந்தால் ஓர் உலை. நிலக்கரி கிடைத்தால் நன்று. கிடைக்காவிடினும் கலங்க வேண்டியதில்லை. மரத்துண்டையே உலையிலிட்டு, பலகையை விறகாக எரித்தால் அடுப்புக்கரி வரும். கரி ஒன்றும் குச்சி ஒன்றும் சேர்ந்தால் நான்கு தீவட்டி. இந்த அடுப்புக்கரி யுக்தி தெரியாமல் எத்தனையோ பேர் முதல் இரவை இருட்டில் கழிக்கின்றனராம். நமக்கு அது தெலுங்குப் பையன் சொல்லித் தந்தது.

வெளிச்சத்தின் அருமை சாதாரணமன்று. 2021ஆம் ஆண்டு வந்த மாற்றத்துக்குப் பிறகு, அறவே ஒளியில்லாத இடத்தில்தான் அப்பொல்லாப் பிராணிகள் பெரும்பாலும் தோன்றுகின்றன. ஒரு தீவட்டி இருக்கும் இடத்தைச் சுற்றிப் பல அடிகளுக்கு அவை பிறக்கமாட்டா. ஆயினும் வேறிடத்தில் பிறந்தவை நடந்து வரலாம். ஆதலால் வெளிச்சமும் வேண்டும், சுவரும் வேண்டும்.

முதல் இரவுக்கு மாளிகை வேண்டாம். பொழுது சாயும்போது பக்கத்துக் குன்றில் ஆள் நிற்கும் உயரத்துக்கு ஒரு குடைவு குடைந்து, உள்ளே நுழைந்து, வாயை மண்ணால் அடைத்து, ஒரு தீவட்டி நட்டால் தீர்ந்தது. நாம் பூப்பறித்துக்கொண்டிருந்த இடத்துக்கு மகன் ஓடிவந்து, நம்மைச் சுற்றி நாலு பக்கமும் மேலும் மண்கட்டிகளை அடுக்கி மூடிவிட்டான். "அசையாம இருங்கப்பா" என்றான். வெளியே ஏதோ முனகிற்று. 7 நிமிடமும் அந்த மண்கூட்டுக்குள் நின்றோம். கரக்பூரில் இறங்கிய முதல் இராத்திரி, தகரப் பெட்டியின்மேல் உட்கார்ந்து விடியக் காத்திருந்தது ஏனோ நினைவுக்கு வந்தது. மற்ற மூவரும் குன்றுக்குள் இருந்தபடியே கல் வெட்டிக்கொண்டிருந்தனராம், இரவு வீணாகவில்லை. அதுவே சரியான முறை.

இரண்டாம் பகலில் வயிற்றுப்பாடு தொடங்கும். திரையின் கீழே பத்து இதயக் குறி உயிருக்கு. பத்து இறைச்சிக் குறி பசிக்கு. பசிக்குறி ஒன்பதுக்குக் குறையாதிருந்தால்தான் பட்ட காயம் தானாக ஆறும். மூன்றாகக் குறைந்துவிட்டால் ஓட இயலாது. ஓட இயலாதபோதுதான் துரத்தும் பிராணி வரும். ஆகவே குறி ஏழெட்டாக இருக்கும்போதே உண்டுவிட வேண்டும். பச்சை மாட்டிறைச்சி ஒன்றரைக் குறி நிரப்பும்; அதையே உலையில் சுட்டால் நான்கு. பச்சைக் கோழி நஞ்சாவதுண்டு. நம் வீட்டில் சைவம். மகள் ஆட்டில் கைவைக்க விடவில்லை. ஓக் மரத்து இலையிலிருந்து சில வேளை ஆப்பிள் விழும். அதை வைத்து ஓட்டினோம். புல்லை அடித்தால் கோதுமை விதை கிடைக்கும். களைக்கொட்டினால் நிலத்தைக் கொத்தி விதைத்தால் சில நாளில் விளையும். தண்ணீர் நிலத்திலிருந்து நான்கு கட்டித் தொலைவுக்குள் இருந்தால் மண் ஈரமாகவே இருக்கும். மூன்று கோதுமைக்கு ஒரு ரொட்டி. பையன்கள் வேட்டைக்குப் போக, நாம் வயற்காட்டைக் கவனிப்பதென்று ஏற்பாடு. தாமிரபரணிக் கரையில் பிறந்துவிட்டுக் கைபேசியில் கோதுமை விதைத்துக்கொண்டிருக்கிறோமே என்று மனைவி கேலி செய்தாள்.

அடுத்தது கட்டில். மூன்று கம்பளிக்கட்டியும் மூன்று பலகையும் சேர்ந்தால் ஒரு கட்டில். நால்வருக்கு 12 கம்பளி. செம்மறியைக் கொன்றால் ஒன்றுதான் கிடைக்கும். இரும்புக் கத்தரியால் கத்தரித்தால் ஒன்று முதல் மூன்று வரை கிடைக்கும், ஆடும் உயிரோடிருக்கும், மறுபடி வளரும். மகள் பிடித்த பிடிவாதத்தால் நாம் கத்தரிக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று, பையன்கள் முணுமுணுத்தனர். மூன்றாம் நாள் அந்தியில் நான்கு கட்டிலும் வரிசையாகப் போடப்பட்டன.

கட்டிலுக்கு இரண்டு பயன். அதைத் தொட்டு வைத்தால், இறந்தபின் அங்கேயே மறுபடி எழலாம். இல்லையேல் உலகம் தொடங்கிய இடத்தில் போய் நிற்க வேண்டும். மற்றொன்று, இரவில் படுத்தால் நொடிகளில் விடிந்துவிடும். ஆனால் கூடி ஆடும்போது, வேறு விதி வைத்துக்கொள்ளாத வரையில், உள்ளே இருப்பவர் அனைவரும் படுத்தால்தான் விடியும். மூவர் படுத்து ஒருவர் நின்றால் நால்வருக்கும் இரவுதான்.

நின்றவர் நாம். மூன்றாம் இரவு, வீட்டுக்குச் சற்றுத் தள்ளி, முழு உடைமையோடும் வந்துகொண்டிருந்தபோது பின்னால் 'உஸ்' என்று ஒரு சத்தம். கிரீப்பர் ஓசையின்றி நெருங்கி வரும். அருகில் வந்து சீறி, ஒன்றரை நொடியில் வெடிக்கும். சீற்றம் கேட்டதும் திரும்பிப் பார்க்காமல் ஓட வேண்டும். நாம் திரும்பிப் பார்த்தோம். மறுகணம் கட்டிலருகே வெறுங்கையோடு எழுந்து நின்றோம். அன்று பகலெல்லாம் நால்வரும் சேர்த்த 11 இரும்பும் வெடித்த குழியில் கிடந்தன. விழுந்த பொருள் 5 நிமிடத்தில் மறைந்துவிடும் என்று மகன் சொல்லியிருந்தான். பதறி, கதவைத் திறந்து இருட்டுக்குள் ஓடினோம். எலும்புக்கூட்டின் அம்பு. மறுபடி கட்டில். மறுபடி ஓட்டம். மறுபடி கட்டில். மற்ற மூவரும் படுத்தபடி கத்திக்கொண்டிருந்தனர்.

"காக்கு, ஷுயே போருன்!" என்று மாடிவீட்டுப் பையன் கூவினான். நமக்குப் புரியவில்லை. மகன் அவனிடம் திரும்பி ஏதோ சொன்னான், அவன் பதில் சொன்னான், இருவரும் சிரித்தனர். அது வங்காளம். நான்கைந்து வாக்கியம் தடங்கலின்றி வந்தது. ஆண்டுக்கணக்கில் பார்சல் ஆபீஸில் இருந்தும் நம் நாவில் வராத பேச்சு. பள்ளிக்கூடத்தில் ஓரமாக உட்கார்ந்திருப்பதாக நாம் கவலைப்பட்ட பிள்ளை அவன்.

"படுத்துக்கோங்கன்னு சொல்றான்பா. இரும்பு எங்கேயும் போகாது. தூங்கினா நேரம் தாவும். ஆனா கீழே கிடக்கிற பொருளோட 5 நிமிஷம் ஓடாது. விடிஞ்சதும் போய் எடுத்துக்கலாம்."

இது பழகியவர்க்கே தெரிந்த நுட்பம், புதியவர் குறித்துக்கொள்க. படுத்தெழும் நேரம் அந்த 5 நிமிடக் கணக்கில் சேராது. படுத்தோம். விடிந்தது. நடைப்பிணமும் எலும்புக்கூடும் வெயில் பட்டு எரிந்தன. கிரீப்பர் மட்டும் பகலிலும் எரியாது. அதனால் விடிந்ததென்று கண்ணை மூடிக்கொண்டு ஓடுவதும் தவறு. 11 இரும்பும் கிடைத்தன.

அந்த இரும்பை எதற்குச் செலவிடுவது என்பதில் சண்டை வந்தது. நம் தீர்ப்பு இது: ஒன்று கேடயத்துக்கு, ஆறு பலகையோடு சேர்த்து, கைபேசியில் ஆடுவோர் குனிந்தால் கேடயம் தானே முன்னால் வரும், கிரீப்பரின் வெடிப்பையும் தாங்கும். மூன்று வாளிக்கு, மூன்று இரும்புப் பிக்காசுக்கு. மீதி பொதுப் பெட்டியில். வாளியில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். நிலத்தடியில் எரிகுழம்பு ஓடும் இடங்கள் உண்டு, விழுந்தால் உடலும் உடைமையும் சாம்பல். இரும்புப் பிக்காசு இல்லாமல் வைரத்தைத் தொடலாகாது. கற்பிக்காசால் வெட்டினால் வைரம் கைக்கு வராமல் அழிந்துபோகும். மாடிவீட்டுப் பையன் இதைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டதைப் பார்த்தால், முன்பு அனுபவப்பட்டவன் போலும்.

காலடியில் நேர் கீழே தோண்டாதீர்கள். தோண்டும் கட்டிக்கு அடியில் குகையோ எரிகுழம்போ இருப்பது தெரியாது. படிக்கட்டுப் போலச் சாய்வாக இறங்குவதே முறை. மூன்று கட்டி உயரத்திலிருந்து விழுந்தால் காயமில்லை. அதற்குமேல் ஒவ்வொரு கட்டிக்கும் அரை இதயம் போகும். குகைக்குள் போகும்போது தீவட்டிகளை வலப்பக்கமாகவே நட்டுச் செல்லுங்கள். திரும்பும்போது அவை இடப்பக்கம் இருந்தால் வழி சரி. வீடு இருக்குமிடம் மறந்து போகாதிருக்க, அமைப்புகளில் இடக்குறியெண்ணைக் காட்டும்படி செய்துகொண்டு, வீட்டின் எண்களைக் காகிதத்தில் எழுதி வைக்க வேண்டும். தண்டவாளத்து ஓரத்தில் கிலோமீட்டர்க் கல் பார்த்துப் பழகிய நமக்கு இதில் சிரமம் இருக்கவில்லை. பையன்களுக்குக் காகிதம் என்றாலே ஏளனம். இருமுறை வழி தவறியபின் நம் காகிதத்தைச் சுவரில் ஒட்டிவைத்தனர்.

பெட்டி விஷயத்திலும் ஒரு சொல். நால்வர் பொருளும் ஒரே பெட்டியில் கிடந்தால் பொழுதெல்லாம் வழக்குத்தான். பொதுப் பெட்டி ஒன்று, ஆளுக்கொரு சொந்தப் பெட்டி என்று பிரித்தோம். சொந்தப் பெட்டியில் பிறர் கைவைக்கலாகாது. பொதுப் பெட்டியிலிருந்து எடுப்பவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறர் கட்டியதை அவர் இல்லாதபோது இடிக்கலாகாது. இந்த விதியை மகன் சொல்லும்போது நம்மைப் பார்க்காமல் சொன்னான்.

தொடக்கத்தில் கடினமாகத் தோன்றினால் எளிய நிலையில் வைத்து ஆடலாம். அதில் பட்டினி கிடந்தாலும் இதயம் பாதிக்குமேல் குறையாது. அமைதி நிலை ஒன்றும் உண்டு. அதில் பகையும் இல்லை, பசியும் இல்லை. மகள் தனியே ஆடும்போது அதில்தான் விடுகிறோம். பாடம் முடித்தபின், நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் என்று மனைவி வரையறுத்திருக்கிறாள். நமக்கும் அதே விதி.

எல்லாவற்றிலும் முக்கியமானதைச் சொல்கிறோம். உலகத்தின் பெயருக்குப் பக்கத்திலுள்ள எழுதுகோல் குறியைத் தொட்டு, உள்ளே கீழே சென்றால், உலகத்தை வெளியே எடுத்து வைக்கும் வசதி இருக்கிறது. 'எக்ஸ்போர்ட் வேர்ல்ட்' என்று எழுதியிருக்கும். அதைத் தொட்டால் உலகம் முழுவதும் ஒரே கோப்பாக வரும். அதை வேறு கைபேசியிலோ பென் டிரைவிலோ நகல் வைத்துக்கொள்ள வேண்டும். கைபேசி கெட்டாலும், தொலைந்தாலும், அப்பன்மார் இடம் வேண்டுமென்று செயலியை நீக்கினாலும் உலகம் பிழைக்கும். மாதச் சம்பளம் வாங்கிய அன்று மாலை நாம் இதைச் செய்கிறோம். முடிந்ததும் மகனிடம் காட்டுகிறோம். அவன் கோப்பின் தேதியைப் பார்த்துத் தலையசைக்கிறான்.

2025ஆம் ஆண்டு பொங்கல் வாக்கில் ஆச்சி வீட்டுக்குக் கடைக்கால் போட்டோம். இம்முறை நால்வருமாகக் கல் சுமந்தோம். மாடிவீட்டுப் பையன் பார்த்தறியாத வீட்டுக்குத் தொழுவம் எழுப்பினான். தெலுங்குப் பையன் கிணற்றுக்கு உறை இறக்கினான். முதல் முறை கிணற்றை மேற்கே வைத்திருந்தானாம் மகன். அது கிழக்கே இருந்தது என்று நாம் சொல்ல, மாற்றினான். அடுக்களைச் சன்னலிலிருந்து புளியமரம் தெரியும் என்பதும் அவனுக்குத் தெரியாது. அந்த மரம் அவன் பிறக்குமுன்பே வெட்டப்பட்டது. வேண்டுமா என்று கேட்டோம், வைக்கலாம் என்றான்.

திண்ணைக்கு வந்தபோது, தெருவிலிருந்து எத்தனை படி என்று கேட்டான். நமக்குச் சட்டென்று நினைவு வரவில்லை. பாளையங்கோட்டையிலுள்ள அக்காவுக்குத் தொலைபேசியில் பேசினோம். ஐந்து என்றாள், சந்தேகமே இல்லாமல். கோயம்புத்தூர் அண்ணனோ நான்குதான் என்கிறார். தாம் விழுந்து பல் உடைந்த படி மூன்றாவது என்றும், அதற்கு மேலே ஒன்றுதான் என்றும் சாதிக்கிறார். அக்கா ஒப்பவில்லை. இப்போதைக்கு நான்கு வைத்து, ஐந்தாவதற்குரிய கல்லைப் பொதுப் பெட்டியில் எடுத்து வைத்திருக்கிறோம்.